ஒரு வெள்ளி டாலர் எடையில் ஒரு கரண்டி: நவஹோ முறையில் அடித்து அச்சிடுவது எப்படி

அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் கொல்லர் ஒருவர் செய்த பழைய வெள்ளிக் கரண்டி எப்போதாவது உங்கள் கைக்கு வந்தால், முதலில் அதன் கழுத்தைத் தடவிப் பாருங்கள். குழியும் காம்பும் சேருகிற அந்த இடம் கட்டையாக, கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். அங்கிருந்து காம்பு மெல்ல அகன்று, தட்டையாகி, நுனியில் விரல் அகலத்துக்கு வந்து நிற்கும். தகட்டை வெட்டிச் செய்த கரண்டியில் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது. எங்கும் ஒரே கனம் என்பதால் கெட்டியான சோற்றில் குத்தினால் கழுத்தில் வளையும். கட்டி வெள்ளியைச் சுத்தியலால் அடித்து நீட்டிய கரண்டி அப்படி வளையாது. அதன் காம்பில் அச்சும், அதாவது முனையில் வடிவம் வெட்டிய எஃகுத் துண்டும், ஆழமாக இறங்கும். அப்படி ஒரு கரண்டியை, பற்றாசு வைத்து ஒட்டாமல், ஒரே துண்டு வெள்ளியில் செய்யும் முறையை இங்கே சொல்கிறேன்.

நான் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேலப் நகரில் கணக்கு ஆசிரியை. நவஹோ தேசத்தை ஒட்டிய ஊர் இது. 1881இல் ரயில் வந்தபோது பிறந்த ஊர். இன்றும் கொல்லர்களுக்கு வெள்ளிக் கம்பி, தகடு, வெண்காரம் விற்கும் கடைகளும், அவர்கள் செய்த பொருள்களை வாங்கும் கடைகளும் ஒரே தெருவில் இருக்கும். என் மாணவர்கள் பலருடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை உண்டு. அவர்களில் ஒருத்தியின் தாத்தாதான் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய தாய்மாமன் வெட்டிய அச்சுகள் ஒரு காப்பி டப்பாவில் இருக்கின்றன. புதிதாக வருகிறவர் அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம்; எடுத்து அடிக்க முடியாது. தனக்கான அச்சைத் தானே வெட்டிய பிறகுதான் வெள்ளி கைக்கு வரும். அது சரியான வரிசை என்று நானும் நம்புகிறேன். இங்கேயும் அதே வரிசையில்தான் சொல்லப்போகிறேன்.

தங்களை டினே என்று அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்களிடையே வெள்ளி வேலை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. அட்சிடி சானி என்பவரை முதல் கொல்லர்களில் ஒருவராகச் சொல்வார்கள். மெக்சிகோக் கொல்லர் ஒருவரிடம் இரும்பு வேலை பழகியவர் அவர். 1864இல் அமெரிக்க ராணுவம் இந்த மக்களைக் கால்நடையாக ஓட்டிச்சென்று ஃபோர்ட் சம்னரில் அடைத்துவைத்தது. 1868 உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் திரும்பியவர்களிடையேதான் வெள்ளி வேலை வேகமாகப் பரவியது. அப்போது கிடைத்த வெள்ளி, நாணயம். அமெரிக்க டாலர், மெக்சிகோ பெசோ இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருந்தது; மற்றது பெரும்பாலும் செம்பு. 1878 முதல் அச்சான மார்கன் டாலரின் எடை 26.73 கிராம். நாம் செய்யப்போகும் தேக்கரண்டியும் முடியும்போது ஏறக்குறைய அந்த எடைக்கே வந்துசேரும்.

கேலப்புக்குப் பக்கத்தில் உள்ள ஃபோர்ட் விங்கேட் முகாமில் ராணுவ மருத்துவராக இருந்த வாஷிங்டன் மேத்யூஸ், 1880களின் தொடக்கத்தில் நவஹோ கொல்லர்களின் வேலையைப் பார்த்துக் குறித்துவைத்தார். மண்ணாலும் மரத்தாலும் கட்டிய உலை, ஆட்டுத்தோல் துருத்தி, பட்டடையாகக் கிடைத்த இரும்புத் துண்டு, ஊதுகுழல், வெண்காரம், வெள்ளியை வெளுக்க மண்ணிலிருந்து எடுத்த ஒரு வகைப் படிகாரம், மெருகுக்கு மணலும் சாம்பலும். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது நம் ஊர்ப் பொற்கொல்லர் பட்டறைதான் கண்முன் வருகிறது. வெள்ளியைக் காய்ச்சத் தீச்சுடர் ஊதும் வாயு விளக்கைத் தவிர, அந்த நவஹோ கொல்லர்களுக்குத் தேவைப்படாத எதுவும் நமக்கும் பெரிதாகத் தேவைப்படாது.

அச்சு வெட்டுதல்

பழைய அரம் ஒன்று வாங்குங்கள். உயர்ந்த கரிமம் உள்ள எஃகு அது. நவஹோ கொல்லர்கள் தொடக்கத்திலிருந்தே தேய்ந்த அரம், உளி, கிடைத்த இரும்புத் துண்டுகள் ஆகியவற்றில்தான் அச்சு வெட்டினார்கள். மெக்சிகோத் தோல் வேலைக்காரர்கள் சேணத்தில் பூ அடிக்கப் பயன்படுத்திய அச்சுகளைப் பார்த்தே இந்த யோசனை வந்தது என்பது பரவலான கருத்து. பழைய கைவளைகளில் உள்ள பிறைகளையும் அலைகளையும் பார்த்தால் அது பொருத்தமாகவே படுகிறது.

வாங்கிய அரம் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. அப்படியே சுத்தியலால் அடித்தால் சில்லு தெறிக்கும். முதலில் அதைச் செந்தணலாகக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து, இரவு முழுவதும் ஆறவிடுங்கள். காலையில் ரம்பம் அதில் இறங்கும். 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, பக்கத்துப் பற்களைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பற்களை விட்டுவைத்தால் விரலில் பிடிக்கும்போது உறுத்தும். பல்லின் அடியிலிருந்து விரிசலும் தொடங்கும்.

முதல் அச்சாகப் பிறையை வெட்டச் சொல்வேன். அதன் உள்வளைவை ஓர் உருண்டை ஊசி அரத்தால் எடுத்துவிடலாம். வெளிவளைவில் முக்கோண அரத்தால் ஐந்தாறு கதிர்கள் வெட்டினால், ஒரே அச்சில் பிறையும் கதிரும் கிடைக்கும். அச்சின் முகம் சமதளமாக இருக்கக்கூடாது. நடுவில் ஒரு மயிரிழை உயர்ந்து, ஓரங்களுக்கு மெல்லச் சரிய வேண்டும். அப்போதுதான் அடி விழும்போது நடுப்பகுதி முதலில் கடித்து, பிறகு ஓரம் படியும். விளிம்புகளைக் கத்திபோல் கூராக்காதீர்கள். கூர் அதிகமானால் வெள்ளியை அழுத்துவதற்குப் பதிலாக வெட்டிவிடும். நுண்ணிய உப்புத்தாளால் ஒருமுறை தடவி, கூரை மட்டும் மழுக்குங்கள். இடையிடையே குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் அழுத்திப் பாருங்கள். பள்ளம் எதுவோ அது மேடாகத் தெரியும், வலது எதுவோ அது இடதாகத் தெரியும்.

இரண்டாவது அச்சு ஒரு நேர்கோடு, 8 மில்லிமீட்டர் நீளம். மூன்றாவது ஒரு சிறிய முக்கோணம். இந்த மூன்றும் போதும். மூன்றையும் பலவாறு சேர்த்து எத்தனை கோலங்கள் வரும் என்று என் வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன், பலகை நிரம்பிவிடும். கடைகளில் வார்ப்பு அச்சுகள் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் முகம் சமதளம், விளிம்பு மழுங்கல், எல்லோருடைய கரண்டியும் ஒன்றுபோல் இருக்கும்.

எதை வெட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறை, கதிர், முக்கோணம், கோடு போன்ற வடிவங்கள் உலகெங்கும் உள்ளவை. யேய் எனப்படும் தெய்வ உருவங்கள் டினே மக்களின் வழிபாட்டுக்கு உரியவை. வெளியார் அவற்றைத் தொடாமல் இருப்பதே மரியாதை. பழைய சுற்றுலாக் கரண்டிகளில் ஸ்வஸ்திகம் போன்ற ஒரு வடிவத்தைப் பார்த்து நம்மவர் வியப்பதுண்டு. அது சுழலும் மரக்கட்டை என்று இங்கே சொல்லப்படும் சின்னம். நோய் தீர்க்கும் சடங்குகளின் மணல் ஓவியங்களிலிருந்து வந்தது. ஜெர்மனியின் நாஜிகள் அதே போன்ற வடிவத்தைக் கையில் எடுத்ததால், 1940இல் நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாப்பகோ பழங்குடிகளின் பிரதிநிதிகள் அதை இனித் தங்கள் கைவினைகளில் இடுவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அந்த முடிவை நாமும் மதிப்போம்.

வெட்டி முடித்த அச்சு இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது. அதை இறுக்க வேண்டும். முகத்திலிருந்து 25 மில்லிமீட்டர் வரை மட்டும் விளக்கில் காய்ச்சுங்கள். பக்கத்தில் ஒரு காந்தம் தொங்கட்டும். எஃகு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்தும்வரை சூடேற்றி, இன்னும் ஒரு கணம் தாமதித்து, வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் செங்குத்தாக இறக்குங்கள். தண்ணீரிலும் தோய்ப்பார்கள், இறுக்கம் கூடும். ஆனால் நுணுக்கமாக வெட்டிய மூலைகளில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். வெள்ளியை அடிக்க எண்ணெய் தரும் இறுக்கமே போதும். எண்ணெய் தீப்பிடிக்கலாம் என்பதால் இரும்புப் பாத்திரத்தையும் அதற்குப் பொருந்தும் மூடியையும் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

இப்போது அச்சு அளவுக்கு மீறி இறுகியிருக்கும். உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, நடுத்தண்டில் மட்டும் மெதுவாகச் சூடு காட்டுங்கள். வைக்கோல் நிறம், அடர்ந்த வைக்கோல், ஊதா, நீலம் என்று நிறங்கள் தண்டிலிருந்து முகத்தை நோக்கி ஊர்ந்து வரும். முகத்தில் வைக்கோல் நிறம் வந்து தொட்டவுடன் தண்ணீரில் போட்டுவிடுங்கள். சுத்தியல் விழும் முனை மென்மையாகவே இருக்கட்டும். நாளடைவில் அது காளான் குடைபோல் மடிந்து விரியும். அந்த மடிப்பை அவ்வப்போது தேய்த்து எடுக்காவிட்டால் சில்லு கண்ணை நோக்கிப் பறக்கும். கண் கவசம் இல்லாமல் இந்த வேலையில் எதையும் தொடாதீர்கள்.

வெள்ளியைத் தொடுவதற்கு முன் செம்பில் பழகுங்கள். அச்சின் முகத்தில் என்ன குறை இருந்தாலும் செம்பு உடனே காட்டிவிடும். விலையும் குறைவு.

கட்டியிலிருந்து கரண்டிக்கு

தேவையான வெள்ளி: 6 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, 80 மில்லிமீட்டர் நீளம், 925 தரம் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி). எடை 30 கிராம் அளவில் இருக்கும். தமிழ்நாட்டில் கடைக்காரர் 999 சுத்த வெள்ளியை நீட்டலாம். அடிக்க அது இனிமையாக இருக்கும், ஆனால் கரண்டிக்கு மிகவும் மென்மை. 92.5 என்று அழுத்திக் கேளுங்கள். கம்பியாகக் கிடைக்காவிட்டால், வெண்காரம் தூவிய மூசையில் உருக்கி, சூடேற்றிய இரும்பு அச்சில் வார்த்துக் கட்டியாக்கிக்கொள்ளலாம். வார்ப்பதைப் பற்றி விளக்க இங்கே இடம் இல்லை. தெரிந்த பொற்கொல்லரிடம் வார்த்து வாங்குங்கள்.

ஒரு முனையிலிருந்து 32 மில்லிமீட்டரில் ஒரு கோடு கீறுங்கள். அந்தப் பக்கம் குழிக்கு. மீதி 48 மில்லிமீட்டர் கழுத்துக்கும் காம்புக்கும். இந்த அளவை நானே கணக்குப் போட்டு எடுத்தேன். குழி 45க்கு 30 மில்லிமீட்டர் முட்டை வடிவம், கனம் 1.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதற்கு வேண்டிய உலோகம் அந்த 32 மில்லிமீட்டரில் அடங்குகிறது. அடிக்கும்போது உலோகம் இடம் மாறுமே தவிரக் குறையாது. முதலிலேயே சரியாகப் பிரித்துக்கொண்டால் பிறகு வெட்டி வீணாக்க வேண்டாம்.

அடிப்பதற்கு முன்னும், அடிக்கும்போது அடிக்கடியும், வெள்ளியைக் காய்ச்சி இளக்க வேண்டும். 925 வெள்ளி 800 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகத் தொடங்கும். இளக்க 600 முதல் 650 போதும். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். வெயிலில் அந்த மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அழியா மை பேனாவால் வெள்ளியின் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டால் இன்னும் எளிது. மை மறைகிற சமயமும் வெள்ளி இளகுகிற சமயமும் ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பு மறையும்வரை காத்திருந்து தண்ணீரில் போடுங்கள்.

காய்ச்சிய வெள்ளி கறுத்திருக்கும். சோடியம் பைசல்ஃபேட் கரைத்த வெந்நீரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ போட்டால் வெளுத்துவிடும். சூடான படிகாரக் கரைசலும் இதே வேலையைச் செய்யும். அதற்குள் இரும்புக் குறடு போகக்கூடாது. இரும்பு பட்டால் கரைசலில் கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின் மேல் சிவப்பாகப் படிந்துவிடும். செம்புக் குறடு அல்லது மரக்குச்சி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடி. கழுத்திலிருந்து தொடங்குங்கள். கோட்டுக்கு அடுத்த இடத்தை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி அடித்து 4 மில்லிமீட்டர் சதுரமாக்குங்கள். அங்கிருந்து காம்பை நீட்டிக்கொண்டே போய், நுனியில் 14 மில்லிமீட்டர் அகலமும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் வரும்படி தட்டையாக்குங்கள். சுத்தியலின் குறுகிய முனை எந்தத் திசையில் படுக்கிறதோ அதற்குக் குறுக்காக உலோகம் ஓடும். நீளம் வேண்டுமானால் முனை காம்புக்குக் குறுக்கே விழட்டும். அகலம் வேண்டுமானால் காம்பின் போக்கிலேயே விழட்டும். இதைப் புரிந்துகொண்டவருக்குச் சுத்தியல் தானாகக் கீழ்ப்படியும்.

குழிப் பக்கத்தையும் இப்படித்தான் விரிக்க வேண்டும், நடுவிலிருந்து வெளிநோக்கி. ஓரம் நடுவைவிட மெலிந்துவிடாமல் பாருங்கள். உதடு படுகிற விளிம்பு கனமாக இருந்தால்தான் கரண்டி வாய்க்கு இதமாக இருக்கும். சுத்தியலின் ஓசையைக் கவனியுங்கள்: இளகிய வெள்ளி மந்தமாக ஒலிக்கும், இறுகியது கணீர் என்று ஒலிக்கும். கணீர் என்றதும் நிறுத்திக் காய்ச்சுங்கள். அதையும் மீறி அடித்தால் ஓரத்தில் மயிர்போல் விரிசல் எழும். விரிசலைக் கண்டால் உடனே அரத்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். அடித்து மூட முயன்றால் உள்ளே ஓடி வளரும்.

அச்சடித்தல்

வளைவு எதையும் கொடுப்பதற்கு முன், எல்லாம் தட்டையாக இருக்கும்போதே அச்சடிக்க வேண்டும். குழியின் நடுவில் பூப்போல ஒரு கோலம் வேண்டுமென்றால் அதுவும் இப்போதே.

கடைசியாக ஒருமுறை காய்ச்சி, வெளுத்து, காம்பின் நடுவே நீளவாக்கில் மெல்லிய கோடு கீறுங்கள். கவராயத்தால் அதைச் சமபங்காகப் பிரியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். காம்பு நுனியில் அகலம், கழுத்தில் குறுகல் என்பதால், பங்குகளைச் சமமாக வைப்பதைவிட ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுச் சிறிதாக வருமாறு குறைத்துக்கொண்டே போனால் கோலம் கழுத்தை நோக்கி ஓடுவதுபோல் தெரியும். என்னைப் பழக்கிய பெரியவர் கவராயம் எடுப்பதில்லை, கண்ணாலேயே பிரிக்கிறார். அளந்து பார்த்தால் இந்தக் குறைவு அவருடைய கரண்டிகளிலும் இருக்கிறது.

கனமான எஃகுக் கட்டையை மரத்துண்டின் மேல் அசையாமல் பொருத்துங்கள். அதன் மேல் காம்பை வையுங்கள். அச்சைப் பெருவிரலும் மூன்று விரல்களுமாகப் பிடித்து, சுண்டுவிரலை வெள்ளியின் மேல் ஊன்றுங்கள். சிறிய அச்சுக்கு 250 கிராம் சுத்தியல் போதும். பெரிய பிறைக்கு ஒரு கிலோ எடை வேண்டும். அச்சைச் செங்குத்தாக நிறுத்தி ஒரே அடி. இரண்டாவது அடிக்கு அச்சு நூலளவு நகர்ந்தாலும் இரட்டை நிழல் விழும், அதை எந்த மெருகும் மறைக்காது. ஆகவே பெரிய சுத்தியலை மெதுவாகத் தூக்கி, அதன் எடையையே விழவிடுவது சிறிய சுத்தியலால் பலமாக அடிப்பதைவிட மேல். அடி ஆழமாக இல்லையென்றால், அச்சை அதே பள்ளத்தில் மெல்ல உருட்டித் தேடுங்கள். பொருந்தியதும் கைக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் மறுபடி அடியுங்கள்.

முதலில் நுனியில் உள்ள பெரிய பிறை, அடுத்து கழுத்தருகே உள்ள கடைசி அச்சு, அதற்குப் பிறகு நடுப்பகுதி. இரு முனைகளும் உறுதியானால் நடுவில் இடைவெளியைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம். ஓர வரிசையை அடிக்கும்போது இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் முதலில் அடித்தால் அந்தப் பக்கம் நீண்டு, காம்பு வாள்போல் ஒருபுறமாக வளைந்துவிடும். நீண்ட கோடு வேண்டுமானால் நேர்கோட்டு அச்சைப் பாதி முந்தைய பள்ளத்திலும் பாதி புதிய இடத்திலும் வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள்.

அச்சடித்த காம்பு சற்றே வளைந்து எழும். மரக்கட்டையின் மேல் குப்புற வைத்து, தோல் சுத்தியலால் தட்டினால் படியும். உலோகச் சுத்தியல் வேண்டாம். அச்சின் ஓரங்கள் நசுங்கிவிடும்.

சிலர் பின்புறத்திலிருந்து புடைப்பாக எழுப்ப ஈயக் கட்டையின் மேல் வைத்து அடிப்பார்கள். உணவுக்கான பொருளில் ஈயம் பக்கத்திலேயே வரக்கூடாது. உடம்புக்குக் கேடு என்பதோடு, வெள்ளியில் ஒட்டிய ஈயத் துணுக்கு அடுத்தமுறை காய்ச்சும்போது வெள்ளியைத் தின்று ஓட்டை போட்டுவிடும். கடின மரத்தின் குறுக்கு வெட்டு முகம் அதே வேலையைச் செய்யும்.

குழியும் மெருகும்

அப்படியொரு மரக்கட்டையில் முட்டை வடிவத்தில் ஒரு பள்ளம் தோண்டுங்கள். குழிப் பகுதியை மறுபடி காய்ச்சி, பள்ளத்தின் மேல் வைத்து, உருண்டை முகமுள்ள மரச் சுத்தியலால் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நடுவில் நேரடியாக அடித்தால் அந்த இடம் மெலிந்து கூம்பாகும். விளிம்பு சுருங்கி அலை எழுந்தால் அடுத்த சுற்றுக்கு முன் அதைத் தட்டிப் படியவையுங்கள். குழி வந்த பிறகு கழுத்தைக் கையாலேயே வளைத்துக் காம்புக்கு ஒரு சாய்வு கொடுங்கள். பிடித்துப் பாருங்கள், உண்பதுபோல் வாய்க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். எவ்வளவு சாய்வு வேண்டும் என்பது அப்போது தெரியும்.

விளிம்பை அரத்தால் உருட்டி, உப்புத்தாளில் 220, 400, 600 என்ற வரிசையில் தேயுங்கள். உதட்டில் உரசும் எந்தக் கூரும் இருக்கக்கூடாது. அச்சடித்த இடத்தில் உப்புத்தாள் போகவே வேண்டாம். பின்புறத்தில் சுத்தியல் தடங்கள் இருக்கும். அவற்றை நான் அழிப்பதில்லை. விரல் பிடிப்புக்கு அவை உதவுகின்றன.

அச்சின் பள்ளங்கள் இருண்டால்தான் கோலம் கண்ணுக்குத் துலங்கும். லிவர் ஆஃப் சல்ஃபர் என்ற கந்தகக் கலவையை வெந்நீரில் நீர்க்கக் கரைத்து, தூரிகையால் காம்பில் மட்டும் தடவுங்கள். கறுத்ததும் நன்றாகக் கழுவி, ஒரு தட்டையான மரத்துண்டில் துணியைச் சுற்றி மேற்பரப்பை மட்டும் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் துணி பள்ளத்துக்குள் போய்க் கறுப்பை எடுத்துவிடும். கந்தகத்தின் நெடி கடுமையாக இருக்கும், சன்னலைத் திறந்துவையுங்கள். குழி பளிச்சென்றே இருக்கட்டும்.

பார்த்துப் பழக வேண்டியவை

கல் பதித்த மாலைகளும் இடைக்கச்சைகளும்தான் நவஹோ வெள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுப் பொருள்களுக்கும் இங்கே நீண்ட வரலாறு உண்டு. ரயில் வந்தபின் பயணிகள் வாங்கிச்சென்ற கரண்டிகள், புகையிலை வைக்கும் சிறு குடுவைகள், பெட்டிகள், தட்டுகள், உப்புச் சிமிழ்கள், மெழுகுவர்த்தித் தாங்கிகள். 1899இல், ரயில் பாதையில் உணவகங்களும் விடுதிகளும் நடத்திய ஃபிரெட் ஹார்வி நிறுவனம் ரயில் பயணிகளுக்காக இலேசான, மலிவான வெள்ளிப் பொருள்களைக் கேட்டு வாங்கத் தொடங்கியபோது கனம் குறைந்தது, அம்பும் பறவையும் போன்ற சின்னங்கள் பெருகின. அந்தக் காலப் பொருள்களிலும் நல்ல கையைப் பார்க்கலாம், ஆனால் பழக வேண்டியது அதற்கு முந்தைய கனத்தை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கனத்தை மீட்டவர்களில் ஆம்ப்ரோஸ் ரோன்ஹார்ஸ் முக்கியமானவர். சான்டா ஃபே பள்ளியிலும் ஃபோர்ட் விங்கேட்டிலும் கற்பித்த அவர், கல் பதிக்காத, எளிய பழைய வடிவங்களை மாணவர்களுக்குப் பழக்கினார். 1941இல் உருவான நவஹோ கைவினைக் கில்டையும் (கைவினைஞர் சங்கம்) நடத்தினார். ஃபோர்ட் விங்கேட்டில் பயின்ற இன்னொருவர் கென்னத் பிகே. ஃபிளாக்ஸ்டாஃபிலும் பிறகு ஸ்காட்ஸ்டேலிலும் ஒயிட் ஹோகன் என்ற கடையில் வேலை செய்த அவர், முள்கரண்டி, கத்தி, கிண்ணம் என்று முழுச் சாப்பாட்டு மேசைக்கும் வெள்ளி அடித்தார். பரந்த வெற்றிடத்தில் ஒரே ஒரு அச்சு, அல்லது ஒரு சிறு வரிசை. அவருடைய கரண்டியின் படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்; காம்பை அச்சுகளால் நிரப்பத் தோன்றும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் சான்டா ஃபேயில் உள்ள வீல்ரைட் அருங்காட்சியகத்துக்கும், அரிசோனாவின் கனாடோவில் உள்ள ஹப்பெல் வணிக நிலையத்துக்கும் போகலாம்.

விற்பதாக இருந்தால் ஒன்று. 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததுபோல் தோன்றும்படி விற்பது குற்றம். தனிமனிதருக்கு 250,000 டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. சட்டம் எட்டாத ஊரிலும் இதைக் கடைப்பிடியுங்கள். போலிகளால் இங்கே பல கொல்லர் குடும்பங்கள் பிழைப்பை இழந்திருக்கின்றன. உங்கள் பெயரின் முதல் எழுத்தை ஒரு சிறிய அச்சாக வெட்டி, பக்கத்தில் 925 என்று அடித்து, காம்பின் பின்புறத்தில் பதியுங்கள். யாரிடமிருந்து வந்த முறை என்று கேட்பவரிடம் வாயாலும் சொல்லுங்கள். உண்மையான நவஹோ கரண்டி வேண்டுமென்று கேட்பவரை ஒரு டினே கொல்லரிடம் அனுப்புங்கள்.

பயன்படுத்தும்போது முட்டையை இந்தக் கரண்டியால் உண்ண வேண்டாம். முட்டையில் உள்ள கந்தகம் உடனே கறுக்கவைக்கும். ஊறுகாய் ஜாடியிலும் உப்பிலும் போட்டுவைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகாது. முக்கியெடுக்கும் மெருகுக் கரைசல்கள் பள்ளத்துக் கறுப்பையும் சேர்த்துக் கரைத்துவிடும் என்பதால் அவற்றை வாங்காதீர்கள். வெள்ளி விளக்கைத் திருநீறால் துலக்குகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த முறையே இதற்கும் பொருந்தும். சலித்த திருநீற்றை ஈரத் துணியில் தொட்டுக் குழியை மட்டும் துலக்கிக் கழுவுங்கள், காம்பை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.